ஆணியில் தொங்கிய கார்க்

இப்போதெல்லாம் யாருக்கும் உடம்பு வணங்குவதில்லை. ஒரு குழாய் சொட்டினால் போனைத் தூக்குகிறார்கள். எவனோ ஒருவன் வந்து, பூட்ஸோடு படியேறி, பல்லைக் காட்டிவிட்டுப் போகிறான். தன் வீட்டுக்குள் கண்டவனை விடுவது கிளாரன்ஸ் சக்டனுக்குப் பிடிக்காது. ஹாலிஃபாக்ஸில் அந்தத் தெருவிலேயே, முப்பத்தைந்து வருஷமாக அந்நியன் கை படாமல் ஓடும் ஹீட்டிங் தன்னுடையது மட்டும்தான் என்று கிளப்பில் பீர் குடிக்கும்போதெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த அக்டோபரில், குழாய்களில் வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் பாய்லர் கெட்டில் மாதிரி முனகத் தொடங்கியது. மாடி அறைகள் சூடாகவில்லை. பரணில் இருக்கும் பாய்லர் தண்ணீர்த் தொட்டியில் சேறு கட்டியிருக்கும், பக்கத்து வீட்டு ஹொரேஸைக் கூப்பிடவா என்றாள் அவர் பெண்டாட்டி எனிட். ஹொரேஸ் லம், தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெண்டாட்டி செத்து நாலு வருஷம். இந்த வயதிலும் தலை நிறைய முடி.

"அவன் எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?" என்றார் கிளாரன்ஸ். வலிக்கிற முட்டியோடு ஏணியில் ஏறினார்.

வேலை தெரியாதவர் இல்லை. பாய்லரை அணைத்து ஆறவிட்டிருந்தார். தொட்டியின் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, புதுத் தண்ணீர் வராதபடி மிதவையைத் தூக்கி அதில் கட்டினார். அடுத்தது, சேறு கீழே இறங்காமல் அடியில் பாய்லருக்குப் போகும் குழாயின் வாயை அடைக்க வேண்டும். எதை வைத்து அடைப்பது என்று டார்ச்சைத் திருப்பியபோது, கூரைச் சட்டத்து ஆணியில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு கார்க். ஷெர்ரி ஒயின் பாட்டில் கார்க். குழாய்க்கு அளவெடுத்தாற்போல் சுற்றிலும் சீவியிருந்தது.

பக்கத்தில் பென்சில் எழுத்து. பரணில் வேலை செய்கிறவர்கள் பேரும் தேதியும் எழுதிவிட்டுப் போவது வழக்கம்தான். முதல் வரி தொட்டி வைத்த பிளம்பருடையது: 1971, மழை, டீ சுமார். அதற்குக் கீழே வேறு கையெழுத்து. எச். லம், தொட்டி கழுவியது, 1979. எச். லம், 1984. எச். லம், 1990.

கிளாரன்ஸ் மூன்று தடவை படித்தார். ஷெர்ரி குடிப்பது அந்த வீட்டில் எனிட் மட்டும்தான், அதுவும் கிறிஸ்துமஸுக்குத்தான். கார்க்கை நூலோடு அறுத்து இருட்டுக்குள் வீசினார். அவன் சீவியதைத் தன் கையால் சொருகுவதாவது? கந்தலைச் சுருட்டி அடைத்தார். வாளி வாளியாக மொண்டு கயிற்றில் இறக்கினார். எனிட் வாங்கிக் குளியல் தொட்டியில் கொட்டினாள். ஒவ்வொரு வாளிக்கும் மேலிருந்து அவள் உச்சந்தலையை முறைத்தார். அடியில் காப்பிக் கசடு மாதிரி சேறு. 1979இல் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தபடியே தேய்த்தார். கந்தல் நழுவியது தெரியவில்லை. மடமடவென்று சத்தம் கேட்டுக் குனிந்தபோது, சேறு முழுக்கக் குழாய்க்குள் இறங்கிவிட்டிருந்தது.

மிதவையை அவிழ்த்து, தொட்டி நிரம்பியதும் இறங்கிப் பாய்லரை மூட்டினார். இப்போது கீழ் அறைகளும் சூடாகவில்லை. எனிட் அவரிடம் கேட்காமலே போய் ஹொரேஸை அழைத்து வந்தாள்.

வந்தவன் கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "கார்க்க வச்சியா, கிளாரன்ஸ்? ஆணியிலதான தொங்கவிட்டிருந்தேன்."

கிளாரன்ஸ் பெண்டாட்டியைப் பார்த்தார். "இவன் எப்ப நம்ம பரண்ல ஏறுனான்?"

"நீ ரெண்டு மணி ஷிஃப்டுக்கு மில்லுக்குப் போன பிற்பாடு" என்றாள் எனிட். "இந்தா பண்றேன், அந்தா பண்றேன்னு ரெண்டு வருஷம் இழுத்தடிச்ச. பிள்ளைங்க குளிர்ல நடுங்குச்சு. சொன்னா குதிப்ப. அதான் சொல்லல."

"தொண்ணூறுக்கப்புறம் ஏன் வரல?"

"நீ ரிட்டயர் ஆகி வீட்டோட உக்காந்துட்டியே. எப்படிக் கூப்பிடறது?"

ஹொரேஸ் சிரித்துவிட்டான். "எனிட் சுடற ஆப்பிள் பைல ஒரு துண்டு கிடைக்குமேன்னு வந்தேன்பா. அதுவும் தொட்டி கழுவத்தான்."

ஹொரேஸ் கூடத்துச் சுவரிலிருந்த வெந்நீர் ரேடியேட்டரில் ஹோஸைச் சொருகினான். கறுப்புத் தண்ணீர் வாசல் வழியாகச் சாக்கடைக்கு ஓடியது. எனிட் டீ கொண்டுவந்தாள். கேட்காமலே ஹொரேஸுக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டு நீலக் கோப்பையில் கலக்கினாள். கிளாரன்ஸுக்கு எப்போதும் விளிம்பு உடைந்த கோப்பைதான்.

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஹோஸைத் தாண்டி வெளியே போனார். டீ ஆறிடும் என்று உள்ளே இருந்து எனிட் சொன்னாள். திரும்பவில்லை. அவர்கள் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது, எல்லாமே பொருந்துகிறது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கிளப் இருக்கும் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கம் மேட்டுத் தெருவில் முட்டியை இழுத்து இழுத்து ஏறினார். எழுதியது மூன்று தடவை. எழுதாமல் வந்தது எத்தனையோ, யாருக்குத் தெரியும்?