பூண்டு அடங்கும் நேரம்

மத்தியானம் ரெண்டு மணி வெயில், ஜன்னல் வழியா வந்து சமையலறைத் தரையில படுத்துக் கிடந்துச்சு. நான் கண்ணை மூடிட்டு ஒரு பெரிய கிண்ணத்து மேல குனிஞ்சு நின்னேன். உள்ளே பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, மிளகு, எண்ணெய். என் வீட்டுக்காரர் கையாலேயே கலக்கிட்டு இருந்தார்.

"இப்ப யாரு கத்தறா?"ன்னு கேட்டார்.

"பூண்டுதான். காது கிழியுது."

அது எங்க வீட்டுப் பேச்சு. மசாலாவுல முதல்ல பூண்டு கத்தும், அப்புறம் எலுமிச்சை. எல்லாம் அடங்கி, எது எதுன்னு பிரிக்க முடியாம ஒரே வாசனையா வந்தாத்தான் கறியைப் போடணும். இருபது வருஷம் ஹோட்டல் கிரில் அடுப்புல நின்ன மனுஷன். நாலு மாசம் முன்னாடி வந்த பாழாப்போன காய்ச்சல் அவர் மூக்கை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பக்கத்துல பால் கருகினாக்கூட தெரியாது. முதுகு வலின்னு சொல்லிட்டு வேலையை விட்டுட்டார். உண்மை எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

என் அண்ணன் புதுசா கிரில் கடை திறக்கறான். இன்னிக்கு வந்து ருசி பார்ப்பான். பிடிச்சா, நாளையிலிருந்து அந்த அடுப்பு இவருக்கு. பிடிக்கலைன்னா இந்த மனுஷன் இடிஞ்சு போயிடுவார்.

தேனை ஊத்தினார். கண்ணை மூடி மோந்துக்கிட்டே இருந்ததுல எங்கேயோ மிதக்கற மாதிரி ஆயிடுச்சு. எலுமிச்சை அடுத்த தெருவுக்குப் போச்சு. மிளகு பக்கத்து ரூம்ல மெதுவா நடந்துச்சு. பூண்டு பாயை விரிச்சுப் படுத்துடுச்சு. "அடங்கிடுச்சுங்க"ன்னு நான் சொன்னது எனக்கே தூரத்துல கேட்டுச்சு. கோழித் தொடையை ஒரு கிண்ணத்துல புரட்டினார். குடைமிளகாய், காளான், வெங்காயத்தை இன்னொண்ணுல.

நாலு மணிக்கு அண்ணன் வந்து கொல்லையில அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். கறி வாட்டி முடிச்சாச்சு, காய் பாக்கி. காய்க் கிண்ணத்துல மசாலா கெட்டியா இருக்குன்னு இவர் தண்ணி பாட்டிலை எடுத்து ஊத்தினார். ஐயோ, அதுல இருந்தது வினிகர்! பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்ச புத்திகெட்டவ நான்தான். மூக்கு உள்ள யாருக்கும் பத்தடி தள்ளியே தெரிஞ்சிருக்கும்.

"என்ன மாப்பிள்ளை, வினிகரை இப்படிக் கொட்டறீங்க?"

புது முறைன்னு புளுக நான் வாயைத் திறந்துட்டேன். அதுக்குள்ள இவர் பாட்டிலைக் கீழே வெச்சார்.

"எனக்கு வாசனையே தெரியாது மச்சான். நாலு மாசமாச்சு. கை என்னோடது, மூக்கு இவளோடது."

அண்ணன் ஒரு கோழித் தொடையை எடுத்து ஊதி ஊதித் தின்னான். இன்னொண்ணு எடுத்தான். எலும்பைக்கூட விடலை.

"அப்ப நாளைக்கு ரெண்டு பேருமா வந்துடுங்க. வினிகர் பாட்டிலை மட்டும் இவ தொடட்டும்."

அண்ணன் கை கழுவ உள்ளே போனதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசமா வீட்டுல உன் மூக்கு இல்லாம நான் தனியா சமைச்சதை எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே தின்னியே. உண்மையைச் சொல்லு."

பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப் போச்சு. "வாயில வைக்க முடியலைங்க"ன்னேன்.

என்னையே பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சார்.

"அப்பாடா"ன்னார். "இனிமே நீ நல்லா இருக்குன்னா நம்பலாம்."