ஓதாத தண்ணீர்

கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் பெரியப்பா அழைத்துவந்தார். யாருடைய கல்யாணம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான்கு பெண்கள் பெகாயிமைப் பிடித்து வெள்ளை முக்காடு போட்டார்கள். மூலையில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். வெளியே குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பதினாறு வயது. திங்கட்கிழமை வேதியியல் பரீட்சை.

அப்பாவும் அம்மாவும் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடலாம் என்றால் கைப்பேசி பெரியப்பா அசனாலியின் சட்டைப்பையில் இருந்தது. காரிலேயே வாங்கிவிட்டார்.

காவலுக்கு உல்ஜான். அந்த வீட்டின் மூத்த மருமகள். மடியில் ஒரு தட்டு நிறையப் பொரித்த மாவுருண்டைகள்.

"அழுதியா?"

"இல்ல."

"அழுதுரு. அழலேன்னா திமிர் பிடிச்சவன்னு பேசுவாங்க. அழுதா அழுமூஞ்சின்னு பேசுவாங்க. அழுமூஞ்சி பரவாயில்ல."

"முல்லா கேக்கும்போது வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"மூணு தடவை கேப்பாங்க. பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம். வேண்டாம்னு சொன்னா வெட்கம்னு அர்த்தம். நானும் சொன்னேன். வீடே சிரிச்சுது."

"அப்போ உங்களுக்கு என்ன வயசு அண்ணி?"

உல்ஜான் இன்னொரு உருண்டையை எடுத்துக் கடித்தாள்.

வாசலில் கார் நின்றது. சதார்குல் முல்லா வந்துவிட்டார். பெண்ணின் ஊர், மாப்பிள்ளையின் ஊர் இரண்டுக்கும் அவர்தான். பிறந்த குழந்தையின் காதில் பெயர் சொல்வதும் அவர், நிக்காஹ் ஓதுவதும் அவர், கடைசித் தொழுகை நடத்துவதும் அவர். திரைக்கு அப்பால் அவர் உட்கார்ந்தபோது தரைப்பலகை முனகியது. கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீரும் அதில் ஒரு கட்டிச் சர்க்கரையும். அவர் ஓதி முடித்து அதை மாப்பிள்ளையும் பெண்ணும் குடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

"பாஸ்போர்ட்டு" என்றார் முல்லா.

"முதல்ல கறி சாப்பிடுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா ஒரோஸ்பாய்.

"கறி எங்கயும் போகாது. நான்தான் போயிடுவேன், ஜெயிலுக்கு. பொண்ணுக்குப் பதினெட்டு ஆகாம ஓதினா ஓதினவன் உள்ள. பெத்தவன், பொறுப்பா நிக்கிறவன் உள்ள. மாப்பிள்ளையும் உள்ள. மாவட்ட ஆபீஸ்ல எங்களை உக்காரவச்சுச் சட்டத்தைப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. முப்பத்தேழு முல்லா, ஒரே ஒரு பேனா. சாயங்காலம் ஆயிடுச்சு."

பெரியப்பாவின் செருமல் கேட்டது. பிறகு தாள் புரளும் சத்தம்.

"ஜாஸ்குல், அசனாலி மகள்" என்று முல்லா படித்தார். "வயசு இருபத்தி மூணு."

பெகாயிம் திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். ஜாஸ்குல் அவளுடைய பெரியப்பா மகள். ஓஷ் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். முல்லா வருஷத்தை மட்டும் பார்ப்பார், பெயரைப் பார்க்க மாட்டார் என்று பெரியப்பா நினைத்திருக்க வேண்டும்.

"அசனாலி, உள்ள உக்காந்திருக்கிறது ஜாஸ்குலா?"

"ஆமாங்க."

"ஓஷ்ல ஒருத்தன் அவ புருஷன்னு சொல்லிட்டுத் திரியறானே. நான்தானே ஓதி வச்சேன். ரெண்டு பிள்ளைங்க காதுலயும் நான்தானே பேர் சொன்னேன்."

யாரோ இருமினார்கள்.

"அது காகிதத்துக்குங்க" என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. "ஓதும்போது வேற பேரைச் சொல்லி ஓதுங்க."

"இந்தப் பேரைச் சொல்லி ஓதினா உன் மகளுக்கு இன்னிக்கு ரெண்டாவது புருஷன். மருமகனுக்கு யார் சொல்றது, நீயா நானா? வேற பேரைச் சொல்லி ஓதினா நாம எல்லாரும் ஒரே கொட்டடி. நான் குறட்டை விடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றார் ஒரோஸ்பாய். "காகிதம் தொலைஞ்சு போச்சுன்னு வச்சுக்குங்க. பொண்ணையே கேளுங்க. சாட்சிங்க போய்க் கேக்கட்டும்."

இரண்டு ஜோடிக் கால்கள் திரைக்கு அருகே வந்து நின்றன.

"மகளே, உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு, இல்லையா?"

பேசாமல் இருந்தால் ஆமாம். அதற்குத்தான் இப்படிக் கேட்கிறார்கள். உல்ஜானின் கை அவள் முழங்காலில் வந்து விழுந்தது. வாயைத் திறந்தால் கிள்ளுவதற்கு.

"மகளே, பதினெட்டுதானே?"

வேண்டாம் என்றால் சிரிப்பார்கள். அழுதால் அதற்கும் சிரிப்பார்கள். எதைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள்? முல்லா சற்றுமுன் கேட்டது இவள் மனசையா? ஒரு எண்ணை.

உல்ஜானின் கை கிள்ளவில்லை. கனமாக அப்படியே கிடந்தது. பிறகு தானாகவே விலகியது.

மூன்றாம் முறை கேட்பதற்குள் பெகாயிம் எழுந்தாள்.

"என் பேர் பெகாயிம். நூர்லான் மக. பத்தாங் கிளாஸ். போன மார்ச்சு பதினொண்ணாம் தேதிதான் பதினாறு முடிஞ்சுது. என் காதுலயும் நீங்கதான் பேர் சொன்னீங்க, முல்லா."

யாரும் சிரிக்கவில்லை.

உல்ஜான் உட்கார்ந்தபடியே கையை நீட்டித் திரையின் கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பு. திரை அவிழ்ந்து சாட்சிகளின் காலடியில் விழுந்தது.

இப்போது எல்லாரையும் பார்க்க முடிந்தது. முல்லா தலையசைத்துக்கொண்டிருந்தார். "சொன்னேன். பாலத்தை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சே, அந்த வருஷம். ஆத்தைச் சுத்திக்கிட்டுக் கழுதை மேல வந்து சொன்னேன்."

மாப்பிள்ளை மைராம்பெக்குக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். லாரி ஓட்டுகிறவன். அவன் அப்பாவைத்தான் பார்த்தான்.

"பதினெட்டுன்னு சொன்னீங்களேப்பா."

"நீ சும்மா இருடா. உலகத்துல இந்த ஒரு முல்லாதானா?"

ஒரோஸ்பாய் கைப்பேசியை எடுத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். வீடு முழுவதும் கேட்டது.

முதல் முல்லா சலாமுக்குப் பதில் சொன்ன கையோடு, "பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார்.

இரண்டாமவர் காய்ச்சல் என்றார்.

"நேத்து சாயங்காலம் பந்தயத்துல குதிரை மேல செத்த ஆட்டை இழுத்துட்டு ஓடினீங்களே, மைதானத்துல?"

"அதனாலதான் காய்ச்சல்."

மூன்றாமவர் கேட்டார்: "உங்க ஊர்ல சதார்குல் இருப்பாரே?"

"இருக்காரு. இங்கதான் உக்காந்திருக்காரு."

"அப்புறம் ஏன் அவர் ஓதல?"

மூன்றாமவரே இணைப்பைத் துண்டித்தார்.

"இன்னும் முப்பத்திமூணு பேர் பாக்கி" என்றார் சதார்குல் முல்லா. "அதே பேனாதான்."

இந்தமுறை சிரிப்பு அடங்கவில்லை. கறிப்பானை அருகில் இருந்த பெண்கள் வாய்விட்டே சிரித்தார்கள். மைராம்பெக் எழுந்து தொப்பியைக் கழற்றினான். பெகாயிமை முதல்முறையாக நேராகப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது" என்றான்.

அவன் வெளியே போனான். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

"அசனாலி, அவ போனைக் குடு" என்றார் முல்லா. "காரை எடு. திங்கக்கிழமை இவ பள்ளிக்கூடத்துல இல்லேன்னா, அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கி நானே புகார் எழுதிக் குடுப்பேன். பொறுப்பா நின்னவன்னு உன் பேர்தான் முதல்ல வரும்."

பெரியப்பா கைப்பேசியை நீட்டினார். அவள் எடுத்துக்கொண்டாள்.

"வெட்டின குதிரைக்கு என்ன பண்றது?" என்றார் ஒரோஸ்பாய். யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"வெந்த கறிக்கு வயசு கேக்கச் சொல்லிச் சட்டம் இல்ல. கொண்டாங்க."

பெகாயிம் முக்காட்டைக் கழற்றி நான்காக மடித்து உல்ஜானிடம் கொடுத்தாள். உல்ஜான் வாங்கிக்கொண்டாள்.

"பதினஞ்சு" என்றாள் மெதுவாக. "அப்போ எனக்குப் பதினஞ்சு."

பெகாயிம் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு முல்லாவின் முன்னால் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

"இது ஓதினதா?"

"ஒரு எழுத்துகூட ஓதல. வெறும் சர்க்கரைத் தண்ணி."

அவள் கிண்ணத்தை எடுத்து நின்றபடியே குடித்தாள். அடிவரை குடித்தாள். அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். வரும்போது பெரியப்பா காரின் பின் சீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே உட்காரவைத்திருந்தார்கள். இப்போது முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டு அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.