அப்புறத்து விருந்து

கொத்தனாருடைய கல்யாண விருந்து பதினான்கு வருடங்களாக அவர் வீட்டின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் இடம் என்று ஒன்றும் கிடையாது. செங்கல் சூளைக்காரர்கள் மண்ணெடுத்துக் கைவிட்ட இருபதடிப் பள்ளம்தான் இருக்கிறது. அடியில் பச்சைத் தண்ணீர், உடைந்த தொட்டி, எப்போதோ விழுந்த ஒரு சைக்கிள். விருந்துக்குப் போகிறவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்குப் போய் அங்கிருந்து ஓர் எட்டு வைப்பார்கள். இதுவரை யாரும் விழுந்ததில்லை. ஒரே நேரத்தில் இருநூறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றும், கைகழுவுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நெரிசல் என்றும் தெருவில் சொல்வார்கள். தெரு முழுக்கப் போய் வந்தது. போகாதவள் கொத்தனாரின் மனைவி மட்டும்தான்.

அவள் சித்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து கலவைச் சட்டி தூக்குகிறவள். கல்யாணம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குத் தளம் போடும் நாள். தளம் போட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் விரிசல் விடும், ஆகவே மேஸ்திரி இரண்டு மணி நேரம்தான் விட்டார். அவளுடைய அக்காவும் கட்டடத்து வாட்ச்மேனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வாட்ச்மேன் தன் பேரை எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் கால்மணி நேரம் போயிற்று. வாசலில் நான்கு பேரும் நின்றபடியே டீ குடித்தார்கள். பதினொரு மணிக்கு அவள் சாரத்தின் மேல் இருந்தாள், தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் சட்டி. கையெழுத்துப் போட்ட விரலின் நகக்கண்ணில் முந்தின நாள் சிமெண்டு அப்படியே இருந்தது.

அவளுக்கு நகை, துணி என்று பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை. கல்யாணப் பெண் என்றால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், தண்ணீர்கூட யாராவது கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த உட்காரல்தான் அவளுக்கு வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் கொத்தனார் சாரத்தின் மூன்றாவது படியில் அவளை நிறுத்தி, "இப்ப சிம்பிளா முடிச்சாச்சு. பெரிசா அப்புறம் வச்சுக்கலாம். அன்னிக்கு ஒரு நாள் முழுக்க உன்னை நாற்காலிய விட்டு எழுப்ப மாட்டேன், பாரு" என்றார். அவர் தூக்குக்குண்டு பிடித்துக் கட்டிய சுவர் எதுவும் அதுவரை சாய்ந்ததில்லை. அவர் வாய்ப்பேச்சும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

அந்த வருடமே பள்ளத்தின் ஓரத்தில் ஒற்றை அறை ஒன்று கட்டிக்கொண்டார்கள். கிழக்குச் சுவரைக் கட்டும்போது கொத்தனார் அதன் இரண்டு முனையிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கல்லைப் பாதி வெளியே நீட்டி வைத்தார். பின்னால் சுவரை இழுத்துக் கட்டுவதாக இருந்தால் அப்படித்தான் பல் விட்டு வைப்பார்கள். பள்ளத்துக்கு மேலே எதை இழுத்துக் கட்டப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டாள். "அப்புறம்" என்றார். அப்புறம் என்றால் பிறகு என்றும் அர்த்தம், அந்தப் பக்கம் என்றும் அர்த்தம். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் வேலை இருந்தது, படுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்கும், ஒரு வங்கிக்கும், மூன்று மாடி வைத்த ஏழு வீடுகளுக்கும், இரண்டு கல்யாண மண்டபங்களுக்கும் கலவை தூக்கினாள். உச்சந்தலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு முடி போயிற்று. கழுத்து தோளுக்குள் இறங்கியது. கொத்தனார் வாரத்தில் நாலு நாள் அவளோடு வருவார், மற்ற நாட்களில் "வேற சைட்டு" என்பார். வேறு சைட்டுக்குப் போன நாட்களில் சட்டையில் சுண்ணாம்பு இல்லாமல், பசியும் இல்லாமல் வருவார். பூச்சு வேலை மேற்பார்வை போலிருக்கிறது, நல்லதுதான், அவராவது கொஞ்சம் நிழலில் நிற்கட்டும் என்று அவள் நினைத்தாள். விருந்தைப் பற்றி வருடத்துக்கு ஒருமுறை கேட்பாள். அவரும் முகம் சுளிக்காமல் அதே பதிலைச் சொல்வார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது, ஒருமுறைகூட அவர் வார்த்தையை மாற்றவில்லை.

பதினான்காவது வருடம் பலகை ஆணி ஒன்று காலில் ஏறி அவள் முதல்தடவையாகப் பகலில் வீட்டில் இருந்தாள். மத்தியானம் ஒரு மணி வாக்கில் கிழக்குச் சுவருக்குப் பின்னால் பெஞ்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நிறையப் பேர் ஒரே நேரத்தில் உட்காருகிற சத்தம், பாத்திரம், மேளம், "சோறு இந்த வரிசைக்கு வரலப்பா" என்று ஒரு குரல். அவள் நொண்டிக்கொண்டு போய்ச் சுவரில் காதை வைத்தாள். அடுப்படிச் சுவர் மாதிரி சூடாக இருந்தது. சத்தத்துக்காக அவள் ஆச்சரியப்படவில்லை. கட்டடங்களில் இதைவிட வினோதமான சுவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவளைச் சுட்டது ஒரு சிரிப்பு. சிரிப்பின் கடைசியில் விக்கல் வரும், உலகத்தில் அப்படிச் சிரிக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா முதலில் சிரித்தது தான் இல்லை என்றாள், பிறகு கால் எப்படி இருக்கிறது என்றாள், பிறகு மூக்கைச் சிந்தினாள்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டி. வேலை இருக்கு, அதான் வரலைன்னு மாப்பிள்ளை சொன்னாரு."

"எத்தனை வருஷமா?"

"நான் போறது வாரத்துக்கு ஒருக்காதான். கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா, சொந்தக்காரி."

"அவர் பக்கத்துல பொண்ணுன்னு யாரு உட்கார்ந்திருக்கா?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான்டி. வேற யாரு? கையெழுத்துப் போட்ட அன்னிக்கு இருந்தியே, அந்த நீ. அப்பவெல்லாம் என்னமா இருந்தே, தெரியுமா?"

வேறொருத்தி என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போட வழி தெரிந்திருக்கும். இதற்கு எங்கே போய், யார் மயிரைப் பிடித்து இழுப்பது? வீட்டுக்கு வந்து கொத்தனாரிடம் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கணக்காகப் பேசினார். "நான் என்ன பொய்யா சொன்னேன்? அப்புறம்னு சொன்னேன், அப்புறத்துல நடக்குது. ஊரைக் கேட்டுப் பாரு, ஒரு குறை சொல்லச் சொல்லு." என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு அவர் உண்மையிலேயே குழம்பிப் போனார். "உன்னைக் கூப்பிடறதா? உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே!" என்றார். சொல்லிவிட்டு நல்ல பதில் சொன்ன திருப்தியோடு தூங்கிப் போனார்.

அடுத்த மூன்று நாள் அவள் வேலைக்குப் போகவில்லை என்பதை மேஸ்திரி கவனித்தாராம், காரணமும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அவரும் விருந்தில் அடிக்கடி முன்வரிசையில் உட்காருகிறவர். நான்காம் நாள் மத்தியானம் அவள் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கிழக்குச் சுவரின் முன்னால் குந்தினாள். ஒன்பது அங்குலச் சுவர். அந்தக் கலவையை அவள்தான் குழைத்தாள், அதில் எங்கே மணல் கூடிப் போயிற்று என்பது அவளுக்குத் தெரியும். அரைமணி நேரத்தில் ஆள் நுழைகிற அளவுக்குப் பிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மண்டபம் நன்றாக இருந்தது. கட்டினவர்களைத் திட்ட ஒன்றும் இல்லை, மூலைகள் மட்டம் பிசகாமல் இருந்தன. சோற்றுக் கூடை வைத்திருந்தவன் அவள் தலையில் கிடந்த செங்கல் தூளைப் பார்த்துவிட்டு, "எச்சில் எடுக்க வந்தியா? அந்தக் கடைசியிலேர்ந்து ஆரம்பி" என்றான். வரிசையில் தெருக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். வாட்ச்மேன் செத்து நாலு வருடமாகிறது, அவரும் இருந்தார். அக்கா வாயில் சோற்றோடு தலையைக் குனிந்துகொண்டாள். மேடையில் புதுச் சட்டையில் கொத்தனார், பக்கத்து நாற்காலியில் பெண். அந்தப் பெண் இவளைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா, தொண்டை காயுது" என்றாள். இவள் யோசிப்பதற்கு முன்னால் கால்கள் போய்விட்டன. தண்ணீரை மொண்டு கொண்டுவந்து கொடுத்த பிறகுதான், கொடுத்தவளும் வாங்கினவளும் தானேதான் என்பது உறைத்தது.

அந்தப் பெண்ணின் நகக்கண்ணில் சிமெண்டு இருந்தது.

"எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டாள்.

"இப்பதான் உட்கார்ந்தேங்க்கா. ரொம்ப நேரம் முடியாது. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரித் தளம் போடணும், மேஸ்திரி கத்துவாரு."

முன்வரிசையில் மேஸ்திரி இருமினார்.

"அது போட்டாச்சு. நான்தான் தூக்கினேன்" என்றாள் அவள். "எந்திரி."

கொத்தனார் பதறிப்போய், "விருந்தாளிங்க முன்னாடி மானத்தை வாங்காதே. சாப்பிட்டு முடிக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எந்த மனைவியிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண் பெரியவளின் கழுத்தைப் பார்த்தாள், உச்சந்தலையைப் பார்த்தாள், காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. "இவ்வளவு தூக்கினேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தாள். இரண்டு பேரும் சுவரில் இருந்த ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்தார்கள். சின்னவள் செங்கல் எடுத்துக் கொடுக்க, பெரியவள் கரண்டி பிடித்து அன்றே அடைத்தாள். சித்தாளுக்குச் சுவர் கட்டத் தெரியாது என்பதெல்லாம் கொத்தனார்கள் சொல்வது.

கொத்தனார் திரும்பி வரவில்லை. பந்தி நடக்கும்போது மாப்பிள்ளை எழுந்து போகக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், பந்தி இன்னும் முடியவில்லை. சின்னவள் மறுநாளே வேலைக்குப் போனாள். மேஸ்திரி வருகைப் பதிவில் புதிதாக ஒரு வரி போட்டார். அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பதினான்கு வருட உட்காரலில் பழக்கம் விட்டுப்போய், முதல் வாரம் கழுத்து வலி தாங்காமல் அழுதாள், பிறகு பழகிவிட்டது. இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள்: ஒருத்தி வேலைக்குப் போகிற நாளில் இன்னொருத்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் செய்ய மாட்டாள், காய்கூட நறுக்க மாட்டாள். தெருக்காரர்கள் முதலில் முறைத்துப் பார்த்தார்கள், பிறகு அவர்களைப் பெரியவள் சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கா மன்னிப்புக் கேட்க ஒருநாள் வந்தாள். சின்னவள் கதவைத் திறந்து, "யாருகிட்ட கேக்கப் போறே? எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் அன்னிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். பெரியவகிட்ட கேளு" என்றாள். பெரியவள் உள்ளேயிருந்து, "கதவைச் சாத்துடி" என்றாள். அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் மத்தியானங்களில் அந்த விக்கல் சிரிப்பு இன்னும் கேட்கிறது.

போன வருடம் அரசாங்கத்திலிருந்து மக்கள் கணக்கெடுக்க ஓர் ஆள் வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, பெரியவளுடைய முறை. உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு இரண்டு என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே பேர், ஒரே அப்பா அம்மா, ஒரே கல்யாணத் தேதி, வயதில் மட்டும் பதினான்கு வருட வித்தியாசம். அவர் பென்சிலைக் காதில் செருகிக் கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

"வீட்டுக்காரரு?"

"சுவருக்கு அந்தப் பக்கம்."

"ஓ, அந்தக் கொத்தனாரா? தெரியுமே" என்று அவர் முகம் மலர்ந்தார். "போன மாசம் ஆபீசுல எல்லாரும் சேர்ந்து போயிருந்தோம். நல்ல மனுஷன். எங்களை வற்புறுத்தி உட்கார வச்சாரு."

பெரியவள் அவரைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள், வேற்றூர்க்காரர், சட்டைப் பையில் அடையாள அட்டை.

"உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் தூக்கல்" என்றார் அவர். வாசற்கதவில் சுண்ணக்கட்டியால் எண்ணை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.