பூதம் மூட்டையை இறக்கலாமா?

1

இந்தக் கதை சுப்பையன் வாயைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்படுகிறது. ஏன் என்பது கடைசியில்.

(சுப்பையன் நான்தான். 'நான்' என்று எழுதினால் எழுத்து கோணுகிறது. 'சுப்பையன்' என்றால் கோணுவது அவன் எழுத்து.)

2

அன்று மலாக்காவின் காஜா பெராங் வானம்

அந்த வரியை அடித்தாயிற்று. வானத்தைப் பற்றி சுப்பையனுக்கு ஒன்றும் தெரியாது. மலாக்கா ஆற்றில் தொங்கான் படகுகளிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறவன் தரையைத்தான் பார்ப்பான்.

அவன் மகள் அன்னத்துக்கு வயது பதினொன்று. தன் கதையில் இளவரசி பறக்கிறாளே, அது நடக்குமா என்று பார்க்க ரம்புத்தான் மரத்திலிருந்து குதித்தாள். நடக்காது. வலது கையில் மாவுக்கட்டு.

வருகிற சனிக்கிழமை மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம். அதற்காகப் பத்திரிகை ஒன்று சிறுவர் மாயக்கதைப் போட்டி வைத்திருக்கிறது. நாளைத் தபாலில் கதை போயாக வேண்டும். அவள் சொல்லச் சொல்ல எழுத வீட்டில் இருந்தது சுப்பையன் கை மட்டும். போன வருஷம், நாற்பத்திரண்டு வயதில், முதியோர் வகுப்பில் எழுதப் பழகிய கை.

3

கதையில் ஒரு பூதம் கடலை மூட்டை கட்டி முதுகில் சுமக்கிறது. மூட்டை தரையைத் தொட்டால் ஊர் முழுகிவிடும்.

"எத்தனை நாளா சுமக்குது?"

"நூறு வருஷம்ப்பா."

"நடுவுல கோப்பி குடிக்காதா?"

"பூதம்ப்பா அது! எழுதுங்க."

"முதுகு வலிக்குமே..."

"இது என் கதை. உங்க தொங்கான் இல்ல."

இளவரசி ஏழு தீவு தாண்டி, மந்திர முத்தோடு வீடு திரும்பினாள். சுபம்.

"பூதம்?"

"நிக்கும்."

மாவுக்கட்டைக் காட்ட அன்னம் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

4

யாரும் சொல்லாமல் சுப்பையன் தன் ஆயுளில் எழுதிய முதல் வரி:

'பூதம் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தது. ஊர் முழுகவில்லை.'

அப்புறம்தான் போட்டித்தாளின் அடியைப் படித்தான். 'இக்கதை முழுவதும் என் பிள்ளையின் சொந்தக் கற்பனை. பெற்றோர் கையொப்பம்.' இத்தனை காலம் கைநாட்டுக்குப் பெருவிரலை உருட்டியவன். கையெழுத்துப் போடத்தான் வகுப்புக்கே போனான். முதல் கையெழுத்து பொய்க்கா? வரியை அடித்தால் பூதம் நிற்கும்.

முடிவு ஒன்று: அடித்தான்.

முடிவு இரண்டு: அடிக்காமல் கையெழுத்துப்...

முடிவு மூன்று, நடந்தது: அன்னம் திரும்பி வந்து படித்தாள்.

"யாரு எழுதினது?"

"கை தவறிப்போச்சு."

"இவ்வளவு நேராவா?"

"அடிச்சிடட்டுமா?"

"இருங்க. ஊர் ஏன் முழுகல?"

"நீதானே கதைக்காரி."

5

அன்னம் யோசித்துக்கொண்டிருக்கிறாள். காரணத்தை அவளே கண்டுபிடித்துவிட்டால் அந்த வரியும் அவளுடையது (என்று நினைக்கிறேன்). கையெழுத்தும் மெய்.

சுப்பையனுக்கு ஒரு காரணம் தெரியும். ஆற்றோரம் ஒருவன் தள்ளாடினால் இன்னொருவன் வந்து முதுகு கொடுப்பான். மூட்டை கைமாறும்; தரையைத் தொடாது. முத்தோடு வரும் இளவரசிக்கும் முதுகு உண்டு.

அதைச் சொல்லிவிடாமல் இருக்கத்தான் மிச்சத் தாளில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள். நான் கையெழுத்துப் போட வேண்டும்.