துணியில் பிளந்திருந்த மலை

யூக்குசானி ஊர் மண்டபத்தில் அந்தத் துணியை விரித்தபோது நான் முதலில் பார்த்தது துணியை அல்ல, வாசலை. அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் தோளில் துப்பாக்கி தொங்கியது.

நான் பக்கத்து ஊரான நுந்தூத்தாவைச் சேர்ந்தவள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் ஊற்று இருக்கிறது. அது யாருடையது என்ற சண்டையில் முப்பது வருடத்தில் பதினொரு பேர் செத்திருக்கிறார்கள். குழாயைச் சரிபார்க்கப் போன என் பெரியப்பா அதில் ஒருவர். அதற்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர் யாரும் யூக்குசானியில் கால் வைத்ததில்லை. நான் வைத்திருந்தேன், வஹாக்கா நகரத்துப் பெண் என்று சொல்லிக்கொண்டு.

நகரத்துக் கல்லூரியில் அமெரிக்கக் கண்டத்தின் கலை வரலாறு படிக்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஆளுக்கொரு பழம்பொருளை நேரில் பார்த்து எழுத வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து எழுதினால் பேராசிரியை இர்மா திருப்பித் தந்துவிடுவார். ஊரின் எல்லையை வரைந்து வைத்த, யூக்குசானியின் பழைய ஊர்த்துணியைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்த வாரத்திலேயே முட்டி வீங்கிப் படுத்துவிட்டார். மலைப்பாதை உனக்குப் பழக்கம்தானே, நீ போய்ப் பார்த்து எழுது என்று என்னை அனுப்பினார். நான் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியும். ஊற்றைப் பற்றித் தெரியாது. சொல்லியிருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்தே 'அந்தப் பொய்த்துணி' என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

ஊர் நிலத்தலைவர் எலாதியோ பெட்டியைத் திறந்து, சாம்பிராணி மாதிரி கோப்பால் என்ற பிசினைப் புகைத்துக் காட்டி, துணியை மேசையில் விரித்தார். பதிவேட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் லிபோரியா, ஊர்ச் செயலாளர். என்னிடம் ஸ்பானிஷில் மரியாதையாகப் பேசினார்கள். தங்களுக்குள் எங்கள் மலைமொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது தெரியாது என்று நினைப்பு.

"இந்தக் கோழிக்குஞ்சு நம்ம துணியில என்னத்தக் கொத்தப்போவுது?" என்றார் எலாதியோ.

"கொத்தட்டும் மாமா. பட்டணத்துக் கோழி, சுத்தமாத்தான் கொத்தும்" என்றாள் லிபோரியா.

சிரிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கையில் இருந்த பூதக்கண்ணாடி நடுங்கியது. குளிர் அதிகம் என்று ஸ்பானிஷில் சொல்லிவைத்தேன்.

துணி ஒரு போர்வை அளவு. மூன்று பருத்திப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். நடுவில், பாயில் எதிரெதிராக உட்கார்ந்த ஓர் ஆணும் பெண்ணும், ஊரைத் தொடங்கியவர்கள். அவர்களை நோக்கிச் சின்னச் சின்னக் காலடித் தடங்கள் வந்தன. தடம் என்றால் பாதை. நான்கு ஓரங்களிலும் மணி வடிவத்தில் மலைகள். அந்த மலைகளைச் சேர்த்து ஓடும் சிவப்புக் கோடுதான் ஊரின் எல்லை. துணியை மேசையில் வைத்துவிட்டு நாம் சுற்றி நடந்துகொண்டே படிக்க வேண்டும். நானும் நடந்தேன். நாலைந்து மலை படித்ததும் பயம் குறைந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று.

கிழக்கு ஓரத்தில் உச்சி இரண்டாகப் பிளந்த ஒரு மலை இருந்தது. எலாதியோ அதன் மேல் விரலை வைத்து, வரைந்தவன் இங்கே தவறிவிட்டான், இது எங்கள் உருண்டை மலை, கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இவை மலையின் தோற்றங்கள் அல்ல, பெயர்கள் என்று விளக்கினேன். மலை என்பதற்கு ஒரே வடிவம்தான். அதன் மேல் என்ன வரைந்திருக்கிறதோ அதுதான் அந்த மலையின் பெயர். பறவை இருந்தால் பறவை மலை, பிளவு இருந்தால் பிளந்த மலை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பேரு மட்டுமில்ல, நெஜமாவே பிளந்துதானே இருக்கு" என்றேன். "உச்சிப் பாறை ரெண்டா நிக்கும். நடுவுல ஒரு ஆள் நுழையலாம்."

லிபோரியா பேனாவைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கத்துல நின்னு பாத்தே?"

மண்டபத்து ஜன்னல் வழியே அந்த மலை தெரிந்தது. உருண்டையாக, கவிழ்த்த சட்டி மாதிரி. பிளவு எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும்தான் தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தவள் நான். எல்லோருக்கும் அப்படியே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

வாசலில் நின்ற இருவரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். எலாதியோ இந்தமுறை மலைமொழியிலேயே கேட்டார்.

"ஒங்கப்பன் பேரு என்ன?"

"அனாக்லெத்தோ, மாமா."

"கொழாய் பாக்க வந்தானே, அவன் தம்பியா?"

"ஆமா."

நால்வரும் மூலையில் கூடிப் பேசினார்கள். காதைத் தீட்டியும் பாதிதான் விழுந்தது. ஒருவன் இவளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றான். லிபோரியாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அடுத்த மாதம் நில நீதிமன்றத்தில் ஊற்று வழக்கு வருகிறது. நம் ஆள் எதைச் சொன்னாலும் 'உங்கள் ஆள்தானே' என்று தள்ளிவிடுவார்கள். எதிரி ஊர்ப் பெண்ணே எழுதிக் கொடுத்தால் யார் மறுப்பார்கள் என்று அவள் கேட்டாள்.

பிறகு பதிவேட்டில் அவளே எழுதி என் முன்னால் தள்ளினாள். நுந்தூத்தாவைச் சேர்ந்த ஒதிலியாவாகிய நான், ஊற்று யூக்குசானியின் எல்லைக்குள் வரையப்பட்டிருப்பதைக் கண்ணால் கண்டேன்.

"கையெழுத்துப் போடு. ரெண்டு தொர்த்தியா ரொட்டி சாப்ட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார் எலாதியோ.

போட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தத் தாளை அப்பா நீதிமன்றத்தில் பார்த்த பிறகு எனக்கு வீடு இருக்காது. போடாவிட்டால் இந்தக் கதவு திறக்குமா என்று தெரியவில்லை. கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று, ஊற்றை இன்னொரு தரம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஊற்று நீலச் சுழியாக, சிவப்புக் கோட்டுக்கு உள்ளே இருந்தது. அதன் நடுவே ஒரு மடிப்பு ஓடியது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பார்த்த பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

"மாமா, மடிப்பப் பாருங்க" என்றேன். கண்ணாடியை அதன் மேல் பிடித்துக் காட்டினேன். "நானூறு வருசமா மடிச்சு மடிச்சு, மடிப்புல சாயம் ஒடஞ்சு கொட்டிருக்கு. சிவப்புக் கோட்டுல வெள்ள நூல் தெரியுது. மலையிலயும் தெரியுது. இந்த நீலம் மட்டும் ஒடயல. ஒடஞ்ச எடத்துக்குள்ள எறங்கி நெறஞ்சிருக்கு. துணி பழசானப்புறம் யாரோ போட்டது. ஊத்தப் பத்தித் துணி ஒண்ணுமே சொல்லல. உங்களுதுன்னும் சொல்லல, எங்களுதுன்னும் சொல்லல."

எலாதியோ கண்ணாடியைப் பிடுங்கிக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது யாரையும் பார்க்காமல் கண்ணாடியை லிபோரியாவிடம் கொடுத்தார். அவள் பார்த்தாள். பிறகு அடுத்தவர். பிறகு துப்பாக்கிக்காரன். கடைசி ஆள் பார்த்து முடிக்கும் வரை நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

லிபோரியா தான் எழுதிய வரிகளின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். என் நோட்டு, போன், கண்ணாடி எல்லாவற்றையும் பெட்டிக்குள் துணியோடு வைத்துப் பூட்டினார் எலாதியோ. "இவளக் கொண்டுபோய் விடு" என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

துப்பாக்கிக்காரன்தான் பிக்கப் வண்டியை ஓட்டினான். நகரத்துச் சாலைக்குத் திரும்பாமல் கிழக்கே போனான். மூடுபனி இறங்கியிருந்தது. உருண்டை மலையின் அடியைச் சுற்றி, ஊற்றுச் சத்தம் லேசாகக் கேட்கத் தொடங்கியதும் வண்டியை நிறுத்தினான்.

"எறங்கு. இதுக்கு மேல உங்க ஊரு. நான் வரமாட்டேன்."

ஊற்று இன்னும் ஐம்பதடி தள்ளி, அவன் எங்கள் ஊர் என்று சொன்ன பக்கத்தில் இருந்தது. அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ. நான் இறங்கி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு அடியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓரிடம் எரிந்தது. ஊற்றைத் தாண்டிய பிறகுதான் வண்டி பின்னால் திரும்பும் சத்தம் கேட்டது. நின்று அழலாமா என்று நினைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இந்தப் பாதையில் முப்பது வருடமாக எங்கள் ஆட்களும் காவல் இருக்கிறார்கள். இந்தப் பக்கமிருந்து நடந்து வரும் எவரும் நம்மவர் இல்லை என்பதுதான் அவர்களுக்குச் சொல்லியிருப்பது. மேலே, பனிக்குள், துப்பாக்கியில் குண்டேற்றும் சத்தம் கேட்டது.

இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என் பெயரையும் அப்பாவின் பெயரையும் கத்தினேன். பதில் வரவில்லை. கைகளை இன்னும் மேலே தூக்கி, மறுபடியும் கத்தினேன்.