பித்தப்பைக் கல் என்றார்கள்

அக்காவும் நானும் ஒரே தையல் கடையில் வேலை செய்கிறோம். அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். இருவருக்கும் ஒரே உடம்புவாகு. ஒருத்திக்கு எடுத்த அளவிலேயே மற்றவளுக்கும் தைத்துவிடலாம். கடைக்காரர் எங்களைப் பெரிய பீரோ, சின்ன பீரோ என்பார். சிரித்துக்கொள்வோம். வேறு என்ன செய்வது?

போன வருடம் டாக்டரிடமும் சேர்ந்துதான் போனோம். அவளுக்குச் சர்க்கரை. எனக்கு மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சடைப்பு. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வயிற்றைச் சின்னதாக்கி, குடலை மேலே இழுத்து அதோடு இணைப்பார்கள். எடை நன்றாக இறங்கும், பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வரும், மூட்டுக்கும் நிம்மதி. ஆனால் இணைத்த இடம் கசியலாம், காலில் ரத்தம் உறையலாம், அபூர்வமாக உயிரே போகலாம். சத்து மாத்திரை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொன்னார். இருவருமே செய்துகொள்ளலாம் என்றார்.

எனக்கு ஆசை. வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி. உயிரோட விளையாடுற வேலை. நீ பண்ணிக்க மாட்டேன்னு சொல்லு, நானும் பண்ணிக்க மாட்டேன்."

சொன்னேன். அவள் பயப்படுகிறாள் என்றால் நான்தான் அவசரப்படுகிறேன் என்று தோன்றியது.

சில மாதம் கழித்து அவளுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். அப்போது வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் பரீட்சை. படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லி அம்மாவே ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். திரும்பி வந்தவள் வயிற்றில் சின்னச் சின்னத் துளைத் தழும்புகள். பித்தப்பைக்கும் அப்படித்தான் போடுவார்களாம்.

பிறகு இளைத்தாள். நடக்கிறேன் என்றாள். நானும் வகுப்பு விட்டதும் நடந்தேன், அரை வயிறு சாப்பிட்டேன். அவள் உடைகளைப் பிடித்துத் தைத்ததும் நான்தான். இளைத்துப்போய் யார் வந்தாலும் உள்ளே துணி விட்டுத்தான் பிடிப்போம். மறுபடி சதை போட்டதும் பிரித்துவிடச் சொல்லி வருவார்கள். அக்காவுக்கும் விட்டேன். அதை வெட்டிவிடு, இனி வேண்டாம் என்றாள். என்ன மனஉறுதி என்று வியந்துகொண்டே வெட்டினேன். என் உடம்பு மட்டும் அசையவில்லை. எனக்குத்தான் வாயைக் கட்டத் தெரியவில்லை என்று நினைத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டி, நடந்தே குறைத்தாள் என்று பெருமை பேசினேன்.

நேற்று ஒரு வாடிக்கையாளர், குழந்தை பிறந்த சந்தோஷத்தில் கேக் கொண்டுவந்தார். அக்கா வேண்டாம் என்றாள். ஒரு துண்டில் சர்க்கரை ஏறிவிடாது, ரொம்பத்தான் பிகு பண்ணுகிறாள் என்று, க்ரீம் அதிகமுள்ள துண்டாகப் பார்த்து அவள் வாயில் ஊட்டினேன். விளையாட்டாகத்தான். சற்று நேரத்தில் வெட்டும் மேசையிலேயே சாய்ந்தாள். வியர்வை கொட்டியது, கை நடுங்கியது. துணிக்கட்டுகளின் மேல் படுக்கவைத்துவிட்டு அவள் கணவருக்குப் போன் செய்தேன்.

"இனிப்பு குடுத்தியா? குடலை மாத்தி வச்சிருக்கு, தாங்காதுன்னு அவளுக்குத் தெரியாதா?"

"பித்தப்பைக்கு எதுக்கு மாமா குடலை மாத்தணும்?"

அவர் சட்டென்று பேச்சை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

திரும்பினேன். எங்கள் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கும் அம்மாள் ஊசியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

படபடப்பு அடங்கி அக்கா எழுந்து உட்கார்ந்ததும் கேட்டேன். தனக்கு ஏதாவது ஆனாலும் அம்மாவுக்கு நானாவது இருக்க வேண்டும், அதனால்தான் என்னைத் தடுத்ததாகச் சொன்னாள். இருக்கலாம். பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சரி, நல்லபடியா முடிஞ்சுதுல்ல? அப்புறமாவது ஏன் சொல்லல?"

விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா நடந்தே குறைச்சாள்னு நீ எல்லார்கிட்டயும் சொன்ன. கேக்க நல்லா இருந்துச்சு."

"நான் அரை வயித்தோட நடந்தேனே. அதையும் பாத்துட்டுதான இருந்த?"

மீதிக் கேக்கை டப்பாவில் வைத்து மூடினாள்.

பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. ஆரம்பத்தில் தண்ணீர்கூடக் குமட்டியது. ஒருமுறை வலி தாங்காமல் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குச் சொல்லப்பட்டது அந்த நாட்களில்தான். எல்லாம் எனக்கு வேண்டிய விவரங்கள். ஆனால் நல்லதைச் சொன்னபோது சமாதானப்படுத்துகிறாளோ என்றும், கெட்டதைச் சொன்னபோது மறுபடி தடுக்கிறாளோ என்றும் தோன்றிக்கொண்டே இருந்தது. எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று காலை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினேன். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். தானும் வருவதாகவும், தனக்கு நடந்ததை எல்லாம் அவர் முன்னாலேயே சொல்வதாகவும் சொன்னாள். வேண்டாம், கேட்க வேண்டியதை நானே கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"அப்ப பண்ணிக்கப் போறியா?"

அவள் குரலில் பயம் இருந்தது. அது உண்மையான பயம் என்றுதான் நினைக்கிறேன்.

"முடிவு பண்ணதும் சொல்றேன்க்கா" என்றேன்.

சொல்வேனா என்பது எனக்கே தெரியவில்லை.