கரும்புக்குள் ஒரு மூலை கேழ்வரகு

கச்சிராயபாளையத்துப் பாவாடை சாவதற்கு முன்பு, வாய்க்காலோரம் இருந்த ஒன்றரை ஏக்கரை மாரியம்மன் கூழுக்கென்று தர்மமாக எழுதி வைத்தார். அதில் கேழ்வரகு விளைய வேண்டும். ஆடியில் அந்தக் கேழ்வரகில் ஊருக்குக் கூழ் ஊற்ற வேண்டும். மிஞ்சியதைப் பயிர் செய்கிறவர் எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பு மகன் வீரமணிக்கும் மகள் தைலம்மாளுக்கும். பயிர் யார் செய்வது என்று மட்டும் அவர் எழுதவில்லை, கண்ணுங்களா. அண்ணன் உள்ளூரில் இருந்தான், அவனே செய்தான்.

தைலம்மாளைச் சின்னசேலத்தில் கொடுத்திருந்தார்கள். புருஷன் போனபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி, வாடகை வீட்டில் இருந்துகொண்டு கண்டவர் வயலில் களை வெட்டினாள். ஒருநாள் அண்ணனிடம் கேட்டாள்.

"ண்ணா, அந்த நெலத்துல பாதிய எனக்கு வுடேன். புள்ளைங்கள வெச்சுக்கினு கஷ்டப்படறேன்."

"அம்மன் நெலத்துல பங்கு கேக்குற? வாய் அழுகிடும் தைலம்."

"நீ மட்டும் கரும்பு நட்டுக்கினு இருக்கியே, அம்மன் இன்னா உன்ன வெல்லம் கேட்டாளா?"

அவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். தர்ம நிலத்தில் பங்கு கிடையாது, பங்கு வேண்டுமென்றால் அண்ணன் அதைச் சொந்த நிலமாக ஆள்கிறான் என்று அவள்தான் நிரூபிக்க வேண்டும் என்றார். டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள்.

வீரமணி ஒரேயடியாகக் கெட்டவன் இல்லை. கரும்பு வைத்தாலும் ஒரு மூலையில் கேழ்வரகு விட்டுவைப்பான். கூழுக்கு அது போதும். இந்த வருஷம் டிராக்டர் திரும்ப இடைஞ்சலாக இருந்ததென்று அந்த மூலையிலும் கரும்பை நட்டுவிட்டான். கேழ்வரகைக் கடையில் வாங்கினால் போகிறது என்று நினைத்தான்.

ஆனால் அந்தக் கூழுக்கு ஒரு முறை உண்டு. நிலம் கொடுத்த வீட்டில் பிறந்த பெண்தான் மாவை உலையில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது எந்த நிலத்துத் தானியம் என்று ஊர் கேட்க அம்மனிடம் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் தைலம்மாள்தான் வந்து சொல்லுவாள்.

ஆடி ஞாயிறு. கோயில் வாசலில் பெரிய அண்டாவில் நொய் வெந்துகொண்டிருந்தது. சனங்கள் சொம்பும் தூக்குமாக வரிசையில் நின்றார்கள். வீரமணியின் மனைவி கலையரசி புளித்த மாவுக் குண்டானைக் கொண்டுவந்து தைலம்மாள் கையில் கொடுத்தாள்.

"சீக்கிரம் ஊத்து தைலம், அடிபுடிக்குது."

தைலம்மாள் ஊற்றவில்லை. "எந்த நெலம்னு சொல்றது அண்ணி?"

கலையரசி புருஷனைப் பார்த்தாள்.

"எப்பவும் சொல்றதச் சொல்லு" என்றான் வீரமணி.

"எப்பவும் மூலைல நாலு கதிராவது நின்னுச்சு, சொன்னேன். அம்மன் எதிர்ல பொய் சொல்ல என்னால ஆவாது."

"கடைக் கேவுருன்னு சொல்லிட்டு ஊத்து தாயி, வயிறு காயுது!" என்று வரிசையில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வீரமணிக்குப் பொறுக்கவில்லை.

"என் நெலத்துல நான் எத வெச்சா எவனுக்கு இன்னா?"

சிரிப்பு நின்றது. சொன்ன பிறகுதான் அது அவன் காதிலும் விழுந்தது.

பூசாரி காசிநாதன் விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "உன் நெலம்னா, வீரமணி, பாவாடை மவளுக்கும் அதுல சரிபாதி உண்டு. அம்மன் நெலம்னா கரும்ப எடு. அம்மன் எதிர்ல, ஊரு கேக்க வந்த வார்த்தப்பா இது. தைலம், நீ இன்னா சொல்ற?"

ஆமாம், அண்ணன் நிலம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முக்கால் ஏக்கர் அவளுக்கு. ஊரே சாட்சி. கூழ் மட்டும் இந்த வருஷத்தோடு நின்றுபோகும். அவள் வரிசையைப் பார்த்தாள். அவளோடு களை வெட்டுகிற பெண்கள் பாதிப்பேர் அதில் நின்றார்கள்.

"அம்மன் நெலம்தான்" என்றாள். "அப்பா குடுத்தத நான் திருப்பி வாங்கல. பொறுப்பு ரெண்டு பேருக்குந்தான? அண்ணன் இத்தினி வருசம் பயிர் வெச்சாரு, இனிமே நான் வெக்கிறேன். கூழுக்குப் போவ மிச்சம் எனக்கு."

"நட்ட கரும்பு இன்னா ஆவுறது?" என்றான் வீரமணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"வெட்டிக்க ண்ணா. கட்டைல மறுதாம்பு மட்டும் துளிர்க்க வுடாத."

பிறகு மாவை ஊற்றினாள். "கடைக் கேவுரு, தாயே. வர ஆடிக்கு உன் நெலத்துது."

தை மாதம் கரும்பு வெட்டு முடிந்து லாரி போனது. மறுபடி துளிர்க்கவிடாமல் தைலம்மாளும் பெண்பிள்ளைகளும் கட்டைகளைத் தோண்டி எடுத்தார்கள். வீரமணி வரப்பில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். மாசியில் கேழ்வரகு நட்டாள். அடுத்த ஆடியில் நிலத்தின் பேரைச் சொல்லி ஊற்றினாள்.

வரிசையில் கலையரசி வந்தாள். ஒரு சொம்புக் கூழை அங்கேயே குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்து. உங்கண்ணன் வூட்ல இருக்காரு."

"வர மாட்டாராமா?"

"வர மாட்டாராம். குடிப்பாராம்."

தைலம்மாள் சொம்பு நிறைய ஊற்றினாள்.